ஒரே கதவு எண்; உள்ளே இரண்டு குடித்தனம்!
லேப்டாப்பில் இருந்து விளையாட்டுப் பெட்டிக்கு இன்டர்நெட்

பேட்டையில் இருப்பவர்களுக்கு வளவு என்றால் விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

தெருவில் இருந்து பார்த்தால் ஒரே வாசல். உள்ளே போனால் ஆறு வீடு, எட்டு வீடு. எல்லோருக்கும் ஒரே முற்றம். தபால்காரருக்குத் தெரிந்தது வாசல் கதவு எண் மட்டும்தான். கடிதம் யாருக்கு என்று பார்த்து, உரிய வீட்டில் கொடுப்பது உள்ளே இருப்பவர்களின் வேலை.

திருநெல்வேலி வளவில் நடப்பது, இன்று லேப்டாப்புக்குள்ளும் நடக்கிறது!

வை-பை இல்லாத பெட்டி

டெலிவிஷனில் மாட்டி விளையாடும் பெட்டிகளில் ஒன்று 'எக்ஸ்பாக்ஸ் 360'. அமெரிக்காவில் 2005-ம் ஆண்டிலும், இந்தியாவில் 2006-ம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தது. வெளியூர் நண்பனோடு விளையாட அதற்கு இன்டர்நெட் வேண்டும்.

ஆனால், அந்தப் பெட்டிக்குள் வை-பை கிடையாது. கம்பி சொருகும் துளை மட்டும் உண்டு. வை-பைக்கு என்று தனிக் கருவி வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அதன் விலை அப்போது சுமார் 100 டாலர்! பெட்டிக்குள்ளேயே வை-பை வைத்த புது மாடல் 2010-ம் ஆண்டில்தான் வந்தது.

அதற்குள் ஒரு சுருக்கு வழியைப் பையன்கள் கண்டுகொண்டார்கள். லேப்டாப்பில்தான் வை-பை இருக்கிறதே! அதில் வருகிற இன்டர்நெட்டை ஒரு கம்பி வழியாகப் பெட்டிக்குக் கொடுத்தால் என்ன?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ந் தேதி, மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. கல்லூரிகள் உள்ள பேட்டை போன்ற இடங்களில், அதுவரை கம்ப்யூட்டரையே பார்க்காத வீடுகளுக்குள்ளும் லேப்டாப் நுழைந்தது. படிப்பதற்குக் கொடுத்ததுதான். படித்த நேரம் போக, மீதி நேரமும் இருந்தது!

எப்படிச் செய்வது?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் கம்பியைச் சொருக வேண்டும். 'விண்டோஸ்' லேப்டாப் என்றால், அதில் வை-பை இணைப்பின் அமைப்புகளைத் திறக்க வேண்டும். 'ஷேரிங்' என்ற பக்கத்தில், "மற்றவர்களும் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம்" என்ற இடத்தில் ஒரு டிக் போட்டால் போதும்.

உடனே லேப்டாப் வளவுக்காரர் ஆகிவிடுகிறது! தனக்கு 192.168.137.1 என்று ஒரு எண் வைத்துக்கொள்ளும். பெட்டிக்கு அதே வரிசையில் இன்னொரு எண் கொடுக்கும். இவை வளவுக்குள் செல்லுபடியாகும் எண்கள். வெளியே செல்லாது.

பேட்டையில் ஒரு லேப்டாப்புக்கு உள்ள எண்ணே பாளையங்கோட்டையில் இன்னொன்றுக்கும் இருக்கலாம். கொழும்பிலும் இருக்கலாம். குழப்பம் வராது. எந்த வளவிலும் 'முதல் வீடு' உண்டு அல்லவா?

பேரேடு எழுதும் லேப்டாப்

பெட்டி ஒரு செய்தி அனுப்புகிறது. லேப்டாப் அதை வாங்குகிறது. அனுப்பியவர் விலாசத்தை அழித்துவிட்டுத் தன் விலாசத்தை எழுதுகிறது. கூடவே ஒரு குறிப்பு எண் போட்டு, "இந்த எண், விளையாட்டுப் பெட்டிக்கு உரியது" என்று தன் பேரேட்டில் பதிந்துகொள்கிறது. பதில் வந்ததும் பேரேட்டைப் பார்த்துப் பெட்டியிடம் சேர்த்துவிடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் இத்தனையும் முடிந்துவிடும்.

இந்த யோசனை 1994-ம் ஆண்டிலேயே எழுதி வெளியிடப்பட்டது. காரணம், விலாசப் பஞ்சம்! இன்டர்நெட்டின் பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி விலாசங்களே உண்டு. உலகத்துக்கு அது போதவில்லை. மொத்த இருப்பில் இருந்த கடைசிக் கட்டுகளும் 2011 பிப்ரவரி 3-ந் தேதி பங்கிடப்பட்டுவிட்டன. மிக நீண்ட எண்களைக் கொண்ட புது விலாச முறையும் புழக்கத்துக்கு வந்தது. என்றாலும், வளவு முறை ஒழியவில்லை.

தகராறு எங்கே?

துபாயில் இருக்கும் நண்பன், தானாகப் பெட்டியைக் கூப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டில் அதற்குக் குறிப்பு இல்லை. யாருக்கு வந்த அழைப்பு என்று லேப்டாப்புக்குத் தெரியாது. தள்ளிவிடும்! இங்கே பையன் காத்திருப்பான். அங்கே நண்பன் காத்திருப்பான்.

வீட்டு வை-பை கருவியும் ஒரு வளவுதான். லேப்டாப், அந்த வளவுக்குள் இன்னொரு வளவு. ஆகவே தகராறும் இரட்டிப்பு.

இன்னொன்று. லேப்டாப்பை மூடி வைத்தால் அது தூங்கிவிடும். வளவுக்காரர் தூங்கினால் வாசல் அடைப்பு! ஆட்டம் பாதியில் நிற்கும். வீடு பெருக்க வந்த அம்மா லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்ததால் தோற்ற ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை.

நவி மும்பை சம்பவம்

2016-ம் ஆண்டு முதல் 'விண்டோஸ் 10' லேப்டாப்புகளில் கம்பியும் வேண்டாம் என்று ஆனது. லேப்டாப்பே 'ஹாட்ஸ்பாட்' என்ற பெயரில் வை-பை கொடுக்கும். செல்போனும் கொடுக்கும். சவுகரியம்தான். ஆனால் கம்பிக்கு மறுமுனை ஒன்றுதான். காற்றில் போவதைப் பக்கத்து வீடும் பிடிக்கலாம்.

ஆமதாபாத்தில் 2008 ஜூலை 26-ந் தேதி அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு டெலிவிஷன் நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் ஈ-மெயில் வந்தது.

எங்கிருந்து வந்தது? போலீசார் விலாசத்தைத் தேடிப் போனார்கள். அது நவி மும்பையில் ஒரு வீட்டில் போய் முடிந்தது. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கு ஒன்றும் தெரியாது! அவருடைய வை-பை திறந்து கிடந்தது. வெளி ஆட்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். என்றாலும் விசாரணைக்குப் போய் நின்றவர் அவர்தான். தபால்காரருக்கு மட்டும் அல்ல, போலீசாருக்கும் முதலில் தெரிவது வாசல் கதவு எண்தான்.

பிள்ளைகள் பெட்டிக்கு வை-பை கொடுக்கும்போது, பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "பாஸ்வேர்டு போட்டாயா?" குறைந்தது 8 எழுத்தோ எண்ணோ வேண்டும். பலர் வீட்டுப் பெயரைப் போடுகிறார்கள். சிலர் செல்போன் நம்பரைப் போடுகிறார்கள். அடுத்த வீட்டுப் பையன் முதலில் போட்டுப் பார்ப்பதும் அந்த இரண்டையும்தான்!