நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீயும் பக்க மிதவைகளும்

மாணவர்களே, மேலுதைப்பையும் விசையின் திருப்பத்தையும் நீங்கள் இரு வேறு அலகுகளில் கற்றிருப்பீர்கள். பரீட்சையில் இரண்டையும் இணைத்து வினா வரும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். இரண்டும் ஒன்றாகத் தொழிற்படும் ஓர் உதாரணத்தை இங்கு பார்ப்போம்.

அறிமுகம்

1970களின் தொடக்கத்தில் யப்பானின் கவாசாகி நிறுவனம் நின்று ஓட்டும் சிறிய நீரூர்தியைச் சந்தைப்படுத்தியது. அதற்கு இட்ட பெயரே ஜெட் ஸ்கீ. இயந்திரம் நீரை அடியிலிருந்து உறிஞ்சிப் பின்புறமாகத் தாரையாக வீசும். நீர் பின்னோக்கிச் செல்ல ஊர்தி முன்னோக்கிச் செல்லும். இது தாக்கமும் மறுதாக்கமும் ஆகும். இதன் உடல் ஒடுங்கியது. ஓட்டுபவர் எழுந்து நின்றால் ஈர்வை மையம் உயரும். எனவே இது பக்கம் சரிவது எளிது. இதைக் குறைக்கவே பின்பக்க ஓரங்களில் மிதவைகள் பொருத்தப்படுகின்றன.

மெதுவாகச் செல்லும்போது

ஊர்தி ஒரு பக்கம் சரிந்தால் அப்பக்க மிதவை நீரில் அமிழும். அமிழும் கனவளவு கூட மேலுதைப்பும் கூடும். அந்த விசை நடுக்கோட்டிலிருந்து தள்ளித் தாக்குவதால், ஊர்தியை நிமிர்த்தும் திருப்பம் கிடைக்கும்.

உதாரணம்: 5 லீற்றர் மிதவை முற்றாக அமிழ்கிறது; மற்றைய மிதவை நீருக்கு வெளியே உள்ளது எனக் கொள்க. (மிதவையின் நிறையைப் புறக்கணிக்குக. ஈர்வையினாலான ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர்.)

இடம்பெயர்ந்த நீரின் திணிவு = 5 கிலோகிராம்
மேலுதைப்பு = 5 × 10 = 50 நியூற்றன்
நடுக்கோட்டிலிருந்து தூரம் = 0.4 மீற்றர்
திருப்பம் = 50 × 0.4 = 20 நியூற்றன் மீற்றர்

60 கிலோகிராம் திணிவுடைய ஒருவர் 3 சென்ரிமீற்றர் பக்கம் விலகினால், திருப்பம் 600 × 0.03 = 18 நியூற்றன் மீற்றர். இச்சிறு தவறை மிதவை ஈடுசெய்யும். அவர் 10 சென்ரிமீற்றர் விலகினால் திருப்பம் 60 ஆகும். மிதவை மட்டும் போதாது.

வேகமாகச் செல்லும்போது

வேகம் கூடியதும் ஊர்தி எழுந்து நீர்ப்பரப்பில் வழுக்கிச் செல்லும். அப்போது நிறையின் பெரும்பகுதியைத் தாங்குவது, அடிப்பகுதியில் மோதும் நீர் தரும் விசையே. வளைவில் ஓட்டுபவர் உட்புறம் சாய்வார். உட்புற மிதவை நீரைத் தொட்டதும் இரண்டு விளைவுகள் உண்டாகும்.

1. மிதவையின் கீழ் விளிம்பு நீரைப் பற்றுவதால் பின்பகுதி பக்கமாக வழுக்குவது குறையும்.
2. சாய்வை எதிர்க்கும் திருப்பமும் நீரின் தடையும் கூடும். சடுதியாகச் சாய்ந்து திரும்புவது கடினமாகும்.

மிதவையைத் தாழ்வாகப் பொருத்தினால் இவ்விளைவுகள் விரைவில் தோன்றும். உயர்த்திப் பொருத்தினால் அதிகம் சாயும்போது மட்டுமே தோன்றும். ஆகவே புதிதாகப் பழகுபவருக்கு உதவும் அதே மிதவை, வித்தை காட்டுபவருக்குத் தடையாகலாம்.

கவனிக்க

மிதவை இருந்தால் ஆபத்தில்லை என எழுதுவது பிழை. ஊர்தியைத் திருப்புவது நீர்த்தாரையே. முன்னால் ஒருவர் நீந்துவதைக் கண்டு பதற்றத்தில் அக்சிலேற்றரை விட்டால் தாரை நிற்கும். பிடியைத் திருப்பினாலும் ஊர்தி பெரும்பாலும் நேராகவே செல்லும். இதை எந்த மிதவையும் மாற்றாது.

மாதிரி வினா

மேற்கூறிய மிதவையைப் பாதி மட்டும் அமிழ்த்தினால் நிமிர்த்தும் திருப்பம் யாது?

விடை: மேலுதைப்பு 25 நியூற்றன், திருப்பம் 25 × 0.4 = 10 நியூற்றன் மீற்றர். மிதவையின் முழுக் கனவளவையும் இடுவதே இங்கு பலர் விடும் தவறு. அமிழ்ந்த கனவளவை மட்டுமே எடுக்க வேண்டும்.