அசையும் புரதத்தைக் கணக்கிட்டவர்

தசைக்குள் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் புரதம் மையோகுளோபின். எக்ஸ் கதிர்களைக் கொண்டு முதன்முதலாக வடிவம் கண்டறியப்பட்ட புரதமும் அதுதான். அந்த வடிவத்தை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு புதிர் எழுந்தது. ஆக்சிஜன் போய் அமரும் இடம் புரதத்தின் உள்ளே இருக்கிறது; வெளியிலிருந்து அங்கே போக வழியே இல்லை. எல்லாப் பக்கமும் அணுக்கள் அடைத்து நிற்கின்றன. புரதம் அசைந்து வழிவிட்டால்தான் ஆக்சிஜன் உள்ளே நுழைய முடியும். படிகத்தில் கண்ட வடிவத்தில் அந்த அசைவு தெரியாது. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று நம்பிய வேதியியலாளர் மார்ட்டின் கார்ப்ளஸ்.

1930-ல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் அந்தக் குடும்பம் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றது. ஹார்வர்டில் பட்டப்படிப்பு. கால்டெக்கில் லைனஸ் பாலிங்கின் வழிகாட்டலில் 1953-ல் முனைவர் பட்டம். பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேலை. காந்த ஒத்ததிர்வு அளவீட்டிலிருந்து மூலக்கூறின் பிணைப்புகள் எந்தக் கோணத்தில் முறுக்கியிருக்கின்றன என்று அறிய 1959-ல் அவர் தந்த சமன்பாடு இன்றும் மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கோணத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்று பலர் கிளம்பியபோது, அவ்வளவு நம்பாதீர்கள் என்று எழுதி எச்சரித்தவரும் அவரேதான். அவரை நான் பெரிதும் மதிப்பது இதற்காகத்தான்.

1960-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மிகச் சிறிய கணக்கு ஒன்றை எடுத்தார். ஒரு ஹைட்ரஜன் அணு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறின் மீது மோதி, ஜோடி மாறுகிறது. மொத்தம் மூன்றே அணுக்கள். அவற்றின் பாதையை நியூட்டனின் விதிகளைக் கொண்டு கணினியில் பின்தொடர்ந்தார். ஹார்வர்டுக்குத் திரும்பிய பின் அதே வழியில் புரதத்தைத் தொட நினைத்தார். முடியாத காரியம் என்றனர் வேதியியல் நண்பர்கள். முடிந்தாலும் வீண் வேலை என்றனர் உயிரியலாளர்கள்.

முறை இதுதான். ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்பது எக்ஸ் கதிர் ஆய்வில் கிடைக்கிறது. பிணைப்புகளைச் சுருள்வில்களாகக் கொள்ள வேண்டும். அவற்றோடு மின்னேற்றங்களின் ஈர்ப்பையும், மிக நெருங்கும் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் சேர்த்தால் ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசை தெரிந்துவிடும். விசை தெரிந்தால் அடுத்த கணத்தில் அணு எங்கே இருக்கும் என்று சொல்லலாம். அந்தக் கணம் ஒரு ஃபெம்டோ நொடி: நொடியின் கோடியில் ஒரு பங்கை மறுபடியும் பத்துக் கோடியாகப் பிரித்தால் கிடைப்பது. ஹைட்ரஜன் பிணைந்திருக்கும் இடங்கள் அவ்வளவு வேகமாக அதிர்வதால் அதைவிட நீளமாக அடியெடுத்து வைத்தால் கணக்கு சிதறிவிடும். புதிய இடத்தில் விசையை மறுபடி கணக்கிட வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை.

ஆண்ட்ரூ மெக்கேமன், புரூஸ் ஜெலின் ஆகிய இருவரோடு சேர்ந்து 1977-ல் 'நேச்சர்' இதழில் கார்ப்ளஸ் முடிவை வெளியிட்டார். எடுத்துக்கொண்டது பிபிடிஐ என்ற, 58 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு புரதம். சுற்றிலும் தண்ணீர் இல்லை, வெற்றிடம். பார்த்தது 10 பிக்கோ நொடிக்கும், அதாவது பத்தாயிரம் ஃபெம்டோ நொடிக்கும், குறைவான நேரம். ஆனாலும் கெட்டியான பொருள் என்று எண்ணியிருந்த புரதத்தின் உட்புறம் ஏறத்தாழ ஒரு திரவத்தைப் போல நெளிந்துகொண்டிருந்தது. புரதத்தைப் பார்க்கும் பார்வையே அங்கிருந்து மாறியது.

அவரது குழு 1983-ல் வெளியிட்ட 'சார்ம்' மென்பொருள் ஆய்வுக்கூடங்களில் பரவியது. 2013-ல் மைக்கேல் லெவிட், ஏரியே வார்ஷெல் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிணைப்பு உடையும் சிறு பகுதிக்குக் குவாண்டம் இயக்கவியல், மீதிப் புரதத்துக்கு நியூட்டன் என்று இரண்டையும் ஒரே கணக்கில் இணைத்த பணியும் அந்தப் பரிசுக்குள் அடங்கும். 2024 டிசம்பரில் மறைந்தார்.

அவருக்கு 80 வயதானபோது, 2010-ல், ஆண்டன் என்ற தனிவகைக் கணினியில் அதே பிபிடிஐ புரதத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஒரு மில்லி நொடி முழுவதும் ஓடவிட்டார்கள். முதல் ஓட்டத்தைவிட ஏறத்தாழ பத்துக் கோடி மடங்கு நீளம். புரதம் ஒருசில வடிவங்களில் தங்கித் தங்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அதில்தான் தெரிந்தது.