தந்தை பெயருக்கு எதிரே ஒரு வெற்றிடம்

தந்தை தன் பிள்ளைக்குச் செய்யத்தக்க நன்மை, கற்றோர் கூட்டத்தில் அப்பிள்ளையை முதன்மை பெறச் செய்தலே என்று வள்ளுவர் வகுத்தார். இதனை வகுப்பறையில் பல்லாண்டுகளாக விளக்கி வருகின்றேன். ஆயின், தந்தை இருக்கின்றாரா இல்லையா என்பதே அறியாத பிள்ளைக்கு அந்நன்மையைச் செய்வோர் யாவர் என்று எந்த மாணாக்கரும் என்னை வினவியதில்லை. அண்மையில் ஒரு மாணவி வினவினாள். நாவினால் அன்று, நிரப்பப்படாத ஒரு விண்ணப்பத் தாளினால்.

திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த மீனவர் குடியிருப்பில் அம்மம்மாவோடு வாழ்பவள் அவள். போரின் இறுதி ஆண்டுகளில், அவள் தொட்டிற் குழந்தையாய் இருந்தபொழுது, தந்தையார் காணாமற் போனார். தாயார் மறுமணம் புரிந்து வேற்றூர் சென்று தொடர்பற்றுப் போனார். அம்மம்மா கருவாடு விற்று வளர்த்த அப்பிள்ளை, உயர்தரப் பரீட்சையிற் சிறந்த பெறுபேறு பெற்று மருத்துவ பீடத்துக்குத் தெரிவானாள். ஊர் மகிழ்ந்தது. அதன் பின்னரே உதவிப்பணத்துக்கான விண்ணப்பம் வந்தது.

“ஐயா, அப்பாவின் தொழிலும் வருமானமும் கேட்டிருக்கின்றார்கள். ‘காலமானார்’ என்று எழுதினால் அம்மம்மா தாங்கமாட்டா. வெறுமையாய் விட்டுக் கொடுத்தேன்; திருப்பித் தந்துவிட்டார்கள். எந்தச் சொல்லை எழுதுவது?” என்றாள். பண்டிதன் என்று பெயர் பூண்ட யான் அன்று சொல்லின்றி நின்றேன்.

நம் நாட்டில் மருத்துவக் கல்விக்குப் பணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரச பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில்வோர் கற்பித்தற் கட்டணம் செலுத்துவதில்லை. உண்மையே. ஆயின், கட்டணம் வேறு, கஞ்சி வேறு. ஊர் விட்டு ஊர் சென்ற பிள்ளைக்கு உறைவிடம் வேண்டும், உணவு வேண்டும், நூல்களும் வெண்ணிற மேலங்கியும் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியும் வேண்டும். கலை பயில்வோர் மாலையில் தனிவகுப்பு நடத்திச் சிறிது ஈட்டலாம். பகலில் விரிவுரையும் விடுதிச் சாலையில் நோயாளர் பார்வையும், இரவிற் படிப்பும் என்று ஐந்தாண்டு கழிக்கும் மருத்துவ மாணாக்கருக்கு அவ்வோய்வு ஏது?

இக்குறையைத் தீர்க்கவே 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாபொல நிதியம் அமைந்தது. லலித் அத்துலத்முதலி அதனைத் தோற்றுவித்தார். மாதம் 5,000 ரூபாவாக இருந்த உதவியை 7,500 ஆக உயர்த்த 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் வகை செய்தது. நற்பணியே. எனினும், யார் வறியர் என்று அறிதற்கு அது நோக்கும் கண்ணாடி பெற்றோரின் வருமானமாகும். பெற்றோரைக் காட்ட இயலாத பிள்ளை அக்கண்ணாடியிற் புலப்படுவதில்லை. வறுமையுள் வறுமை அதுவே. அளக்கப்படாமற் போவதும் அதுவே!

காணாமற் போனோரை இறந்தோர் என்று பதியவேண்டிய கொடுமையை நீக்க, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி திறந்தது. ஒருவர் காணப்படவில்லை என்பதற்கே சான்றிதழ் வழங்கலாம் என்பது அதன் பயன். இறப்புக்கும் இருப்புக்கும் இடையே ஒரு சொல்லைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மாணவி தேடிய சொல் அதுவன்றோ?

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவம் பயில்வோரை மத்திய அரசின் கடன் திட்டம் தனித்து நிற்போராகவே கொள்ளும். பெற்றோரின் கணக்கை வேண்டாது. ஆயினும், சொந்த நிதியிலிருந்து உதவும் மருத்துவக் கல்லூரிகள் பல, வளர்ந்து தனித்து வாழ்வோரிடத்தும் பெற்றோரின் வருவாய் விவரத்தைக் கேட்கின்றன. பெற்றோரைப் பிரிந்தோர் ஆங்கும் இடர்ப்படுகின்றனர். நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018இல் எல்லா மாணாக்கருக்கும் கற்பித்தற் கட்டணத்தை நீக்கியது. 2024இல் ரூத் கொட்டெஸ்மன் அம்மையார் வழங்கிய நூறு கோடி டொலர் கொடையால் அல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் அவ்வாறே செய்தது. ‘உன் தந்தை யார்?’ என்று கேளாத கொடையே கொடை. கட்டணத்தைப் பொறுத்தவரை நாம் அதனை 1945இலேயே செய்துவிட்டோம் என்பது பெருமைக்குரியது. உணவைப் பொறுத்தவரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரீட்சை முடிந்ததும் நம் கடன் முடிந்ததென்று எண்ணற்க. பெற்றோர் விவரம் தர இயலாத பிள்ளை எவரென முன்னரே அறிந்து, கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உடன் செல்லுதல் நம் பணி. பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் யார், அவர் வருவாய் யாது என்று அதிபர் ஒரு கடிதம் எழுதலாம். பழைய மாணவர் சங்கங்களும் ஆலய அறங்காவலரும், வருமானப் பத்திரம் கேளாது ஒரு பிள்ளையின் ஐந்தாண்டு உணவை ஏற்கலாம். விண்ணப்பம் வகுப்போரும் ‘வளர்ப்பவர்’ என்னும் சொல்லுக்குத் தெளிவாக ஓரிடம் அளிப்பாராக.

அம்மம்மா சான்றிதழ் பெற முதலில் இசையவில்லை. பெற்றால் மருமகன் வரமாட்டார் என்று அஞ்சினார். ‘வந்தால் கிழித்துவிடலாம், ஆச்சி’ என்றேன். சிறிது நேரம் கடலையே நோக்கியிருந்து, பின்னர் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். திங்கள் சில கழித்து உதவிப்பணம் கிடைத்தது. தந்தை பெயருக்கு எதிரே ‘காணப்படவில்லை’ என்று அப்பிள்ளை தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

தந்தையைக் காட்ட இயலாத பிள்ளைக்குக் கற்றோர் கூட்டமே தந்தையாதல் வேண்டும். வள்ளுவர் சொல்லாது விட்ட பொருள் அதுவென்றே இனி என் வகுப்பிற் சொல்வேன்.