சாவி வாங்கும் முன் ஒரு கணக்கு

பயணத்தில் தங்குவதற்காக அமெரிக்காவில் விற்கும் வீட்டு வண்டிகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் அஞ்சிய குடும்பங்கள் இந்த வண்டிகளைத் தேடி ஓடின. 2021இல் எல்லா வகையும் சேர்த்து 6,00,240 வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டுப் போயின. 2023இல் அது 3,13,174 ஆகச் சரிந்தது, 2024இல் 3,33,733. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்தால், 2021இல் நாளுக்கு 2,400 வண்டிகள். எல்கார்ட்டின் பல தொழிற்சாலைகளில் கூலி மணிக்கணக்கில் இல்லை, எண்ணிக்கைக் கணக்கில். இலக்கு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். முடுக்கிய திருகை இன்னொரு முறை தொட்டுப் பார்க்க அந்த ஏற்பாட்டில் எவருக்கும் காசு கிடையாது. அந்த வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிராவல் டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30,000 டாலர் கடன், 9 சதவீத வட்டி, 15 ஆண்டு. மாதத் தவணை 304 டாலர். கட்டி முடிக்கும்போது 54,770. வட்டி மட்டும் 24,770. நாளுக்குப் பிரித்தால் 10 டாலர். கையெழுத்துப் போட்ட பிறகு ஒழுகும் கூரைக்காக வண்டி டீலரின் பட்டறையில் 45 நாள் நின்றால் 450 டாலர் தவணை ஓடுகிறது, கோடை விடுமுறையும் போகிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு உத்தரவாதம் ஓராண்டுதான். இதற்கு எதிரே டீலரின் முற்றத்தில் செலவழியும் ஒரு பகலை வைத்துப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர், பிளக் சோதிப்பான், காற்றழுத்த மானி, ஈரப்பத மானி, டார்க் ரெஞ்ச், டார்ச், சோப்பு நீர் எல்லாம் சேர்ந்து 150 டாலருக்குள் முடியும். சில நூறு டாலர் கொடுத்துத் தனி ஆய்வாளரை அழைப்பவர்களும் உண்டு; ஏணியில் ஏறத் தயங்குபவருக்கு அது வீண் செலவு அல்ல.

டீலர் முதலில் காட்டுவது டிவி, நீல விளக்கு, பொத்தானை அழுத்தினால் விரியும் நிழற்கூரை. நான் முதலில் பார்க்கச் சொல்வது நுழைவுக் கதவின் உட்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரை. எவ்வளவு சரக்கு ஏற்றலாம், தொட்டி நிறைந்த தண்ணீரின் எடை எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 2008 முதல் அமெரிக்கச் சட்டம் அப்படி. விளம்பரத் தாளில் இருப்பது அந்த மாடலின் எடை, ஸ்டிக்கரில் இருப்பது இந்த வண்டிக்கே உரிய கணக்கு. நம் டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ. வெறும் வண்டி 2,585 கிலோ என்று வைத்துக்கொண்டால்:

சரக்குக்கு மிச்சம்: 590 கிலோ
தண்ணீர், 50 காலன் தொட்டியும் 6 காலன் வெந்நீர்க் கலனும்: 212 கிலோ
பிறகு பொருத்தும் 2 ஈய பேட்டரிகள்: 55 கிலோ
கைக்கு நிற்பது: 323 கிலோ

பாத்திரம், படுக்கை, துணிமணி, நாற்காலிகள், குழாய்கள், கருவிப்பெட்டி, குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் அந்த 323க்குள் அடங்க வேண்டும். முகாமில் நிறைந்த 40 காலன் கழிவுத்தொட்டியை வடிக்காமல் கிளம்பினால் இன்னும் 151 போகும், மிச்சம் 172. நான்கு பேர் குடும்பத்துக்கு இது கைக்கும் வாய்க்கும் எட்டாத கணக்கு. டீலர் தன் பங்குக்கு ஏதாவது பொருத்தி, சேர்ந்த எடை மொத்த வரம்பில் 1.5 சதவீதத்தையோ 100 பவுண்டையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால் ஸ்டிக்கரைத் திருத்தியாக வேண்டும். இந்த வண்டிக்கு 1.5 சதவீதம் 105 பவுண்டு. ஆகவே எல்லை 100. கேட்டுப் பாருங்கள், விற்பனையாளர் முகத்திலேயே பதில் தெரியும்.

எடை கடைசியில் உட்காருவது டயரில். இந்த வண்டிக்கு 1,588 கிலோ தாங்கும் அச்சு இரண்டு. எஸ்டி205/75ஆர்14 அளவில் 'சி' தர டயர் ஒன்று 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 800 கிலோ தாங்கும். ஓர் அச்சுக்கு இரண்டு டயர், 1,600 கிலோ. உபரியாக இருப்பது வெறும் 12 கிலோ. அதே அளவில் 'டி' தரம் 65 பிஎஸ்ஐயில் 925 கிலோ தாங்கும். அச்சுக்கு 262 கிலோ உபரி. பக்கச்சுவரில் தேதியும் உண்டு: 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம். "புது வண்டி"யில் மூன்று வயது டயர் இருந்தால் அது முற்றத்தில் வெயில் குடித்து நின்ற வண்டி. வீல் நட்டுகளை அங்கேயே ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். 10, 25, 50 மைல் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும்.

தண்ணீர்ச் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் அதைத்தான் டீலர்கள் தட்டிக்கழிப்பார்கள். விடக்கூடாது. தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, எல்லாக் குழாயையும் மூடினால் பம்பு ஓய வேண்டும். கால் மணி நேரத்தில் தானாக உறுமினால் எங்கோ கசிகிறது. பிறகு கழிவுத்தொட்டிகளை நிரப்பி வடிக்க வேண்டும். வெந்நீர்க் கலன் காலியாக இருக்கும்போது அதன் மின்சுவிட்சைத் தொட்டால் கம்பிச்சுருள் கருகிவிடும். வடக்கு மாநிலங்களில் டிசம்பரில் வாங்கினால் குழாய்களுக்குள் உறைதடுப்புத் திரவம் நிற்கும். தண்ணீர் விட்டுப் பார்க்க வழியில்லை. வசந்தத்தில் சோதித்துத் தருவதாக எழுதி வாங்காமல் நகரக்கூடாது.

சமையல் வாயு அழுத்தம் 11 அங்குல நீர் அளவு, பிஎஸ்ஐயில் 0.4. கசிவுச் சோதனையில் 8 அங்குலத்தில் நிறுத்தினால் 3 நிமிடம் முள் அசையக்கூடாது. மின்சாரத்தில் ஒரு பிரேக்கர் விழுந்தாலே பழுது என்று சண்டை போடாதீர்கள்: 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் தருவது 3,600 வாட். ஏசி 1,500, மைக்ரோவேவ் 1,500, வெந்நீர்க் கலன் 1,440. மூன்றும் ஒன்றாக ஓடினால் 4,440. விழத்தான் செய்யும். ஏசியில் நுழையும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்தால் போதும். வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிர அரை நாளாவது ஆகும். முந்தின மாலையே போட்டுவைக்கச் சொல்ல வேண்டும். அலமாரிக் கதவு, திரைச்சீலை வகையறாவை மாலையில் பார்த்தால் போதும்.

கூரைக்கு வெளிச்சம் உள்ளபோதே ஏறுங்கள். காற்றுப்போக்கி, ஆன்டெனா, ஓரப்பட்டை ஆகியவற்றைச் சுற்றிய அடைப்புப் பசையில் இடைவெளி தேட வேண்டும். உள்ளே மூலைகளில் ஈரப்பத மானி வையுங்கள். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து காட்டினால் அங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த வண்டியை எடுக்காதீர்கள். மற்றக் குறைகளைப் பட்டியலிட்டு, எது எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று டீலர் மேலாளரின் கையெழுத்து வாங்குங்கள். பெரிய குறை என்றால் அது தீரும்வரை கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து விழக்கூடாது. வங்கிப் பணம் டீலர் கணக்குக்குப் போன மறுநாள் நீங்கள் பட்டறை வரிசையில் கடைசி ஆள்.