கல், செங்கல், மரம்: உடுநுவரையின் மூன்று கட்டடங்கள்

உலகின் வியத்தகு கட்டடங்கள் எவை என வினவினால், எகிப்தின் பிரமிட்டுகளையும் கம்போடியாவின் அங்கோர்வாட்டையும் நாம் உடனே கூறிவிடுகின்றோம். கண்டி நகருக்குத் தென்மேற்கே உடுநுவரைப் பகுதியில், ஒன்றுக்கொன்று சில கிலோமீற்றர் தொலைவிலேயே அமைந்துள்ள மூன்று கட்டடங்கள் நம் நினைவுக்கு வருவதில்லை. கடலாதெனிய விகாரை கல்லால் ஆனது; இலங்காதிலக விகாரை செங்கல்லால் ஆனது; எம்பெக்கே தேவாலயம் அதன் மரவேலையாற் புகழ்பெற்றது. இம்மூன்றும் 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசர் காலத்தில் தோற்றம் பெற்றவை. இவற்றின் அமைப்பையும், அவ்வமைப்புப் புலப்படுத்தும் சமூக உண்மையையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலாதெனிய விகாரை நான்காம் புவனேகபாகு மன்னனின் ஆட்சியில், 1344இல் எழுந்தது. தர்மகீர்த்தி தேரர் இதனை நிறுவினார். கட்டடப் பணியை நடத்திய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்பதை அங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. இயற்கையான பாறையின்மீது எழுப்பப்பட்ட இவ்விகாரையில் அதிட்டானம், தூண்கள் தாங்கும் மண்டபம், கர்ப்பக்கிருகம் ஆகியன தென்னிந்தியக் கோயிலின் ஒழுங்கிலேயே அமைந்துள்ளன. எனினும், கர்ப்பக்கிருகத்தில் வீற்றிருப்பவர் புத்தர்; அதன்மேல் எழும் எண்கோண மேற்கட்டோ தூபியின் வடிவை நினைவூட்டுகின்றது. இங்கு ஆகம மரபு பௌத்த வழிபாட்டின் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தப்பட்டுள்ளது.

இவ்விகாரையை விஜயநகரக் கலையின் நேரடிப் பிரதியெனக் கூறும் வழக்கம் உண்டு. இக்கூற்றை நாம் சற்று எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். விஜயநகரம் தோன்றியது 1336இல் என்பது மரபு. எட்டே ஆண்டுகளில் ஒரு முதிர்ந்த பாணி உருவாகிக் கடல் கடந்து மலைநாட்டை அடைந்திருக்க முடியாது. பிற்காலப் பாண்டியர் காலத்தில் வளர்ந்திருந்த ஒரு பொது மரபிலிருந்தே விஜயநகரமும் கம்பளையும் பெற்றுக்கொண்டன எனக் கொள்வது பொருத்தமாகும்.

இலங்காதிலக விகாரையும் அதே மன்னன் காலத்ததே. அமைச்சர் சேனாலங்காதிகாரர் இதனைக் கட்டுவித்தார். இதன் சிற்பி தபதிராயர் என அறியப்படுகின்றார். இக்கட்டடத்தின் தனிச்சிறப்பு அதன் தள அமைப்பில் உள்ளது. நடுவே கிழக்கு நோக்கிய புத்தர் சன்னிதி. அதனைச் சூழ்ந்த சுவரின் மாடங்களில் உபுல்வன், சமன், விபீடணன், கணபதி, கந்தகுமாரன் ஆகிய தெய்வங்கள். புத்தரை வணங்குவோர் கிழக்கு வாயிலாலும் தெய்வங்களை வணங்குவோர் மேற்கு வாயிலாலும் நுழைகின்றனர். விகாரையும் தேவாலயமும் இவ்வாறு ஒரே கட்டடத்துள் இணைந்து நிற்கின்றன. இதன் மேல்தளங்கள் பிற்காலத்தில் சிதைந்தன; இன்று காணப்படுவது பழைய உயரத்தின் ஒரு பகுதியே. அருகிலுள்ள பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பௌத்த நிறுவனத்திற்கு வழங்கிய கொடையைத் தமிழிலும் எழுத நேர்ந்ததெனின், அக்கொடையோடு தொடர்புடையோரிடையே தமிழ் வழங்கியோரும் இருந்தனர் என்பதே பொருள்.

எம்பெக்கே தேவாலயம் கதிர்காமத் தெய்வத்திற்குரியது. மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் (1357–1374) இதனை அமைத்தான் என்பது மரபு. இதன் முரசு மண்டபத்து மரத்தூண்களில் மல்லர், நடனமாதர், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், பின்னிய கழுத்துடைய அன்னங்கள், இருதலைப் புள் முதலியன செதுக்கப்பட்டுள்ளன. அதனினும் வியப்புக்குரியது கூரை. மண்டபத்தின் முனையில் விசிறிபோல் விரிந்து இறங்கும் 26 கைமரங்களின் தலைகள் ஓரிடத்திற் கூடுகின்றன. அவற்றையெல்லாம் ‘மடோல் குருபாவ’ எனப்படும் ஒரே பெரிய மரஆணி பிணைத்து நிற்கின்றது. ஒவ்வொரு கைமரத்தின் சாய்வையும் துளையையும் முன்கூட்டியே கணித்தாலன்றி இவ்வமைப்பு கைகூடாது. ஏட்டுக் கல்வி பெறாத தச்சனின் கேத்திரகணித அறிவுக்கு இது சான்றாகும்.

இத்தகைய கலப்பு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் இரண்டாம் ரொஜர் மன்னன் 12ஆம் நூற்றாண்டில் அமைத்த அரண்மனைத் தேவாலயத்தில், இலத்தீன் கிறித்தவ வழிபாடும் பைசாந்தியப் பளிங்குப் படங்களும் அராபியப் பாணியிலான மரக்கூரையும் ஒருங்கே உள்ளன. வெவ்வேறு மரபினர் கூடி உழைத்த இடங்களிலெல்லாம் புதிய வடிவங்கள் பிறந்துள்ளன.

இவ்வுண்மை நம் நாட்டில் எளிதில் ஏற்கப்படுவதில்லை. கடலாதெனியவைத் தூய சிங்களக் கலையெனக் காட்ட விழைவோர் கணேசுவராசாரியின் பெயரை அடிக்குறிப்பாக்கி விடுகின்றனர். அப்பெயரையே பற்றிக்கொண்டு கட்டடம் முழுவதையும் தமிழருடையதெனக் கூறுவோர், அதனை நிறுவிய தேரரையும் அதனைப் பேணிய மக்களையும் மறந்துவிடுகின்றனர். இரு சாராரும் கலைப்பாணியை இனத்தின் சொத்தாகக் கருதும் ஒரே தவற்றையே செய்கின்றனர். பாணி என்பது தொழில். அதனைக் கற்றவர் கைவழியே அது ஊர்விட்டு ஊர் செல்லும்.

மேலும், கல்வெட்டுக்கள் மன்னனையும் அமைச்சரையும் தலைமைச் சிற்பியையும் மட்டுமே நினைவுகூருகின்றன. பாறையைப் பிளந்தோர், செங்கல் சுட்டோர், காட்டிலிருந்து மரம் இழுத்தோர் ஆகியோருக்குப் பெயரில்லை. விகாரைக்கும் தேவாலயத்திற்கும் வழங்கப்பட்ட நிலங்களை உழுது, அதற்கீடாக இராசகாரிய ஊழியம் செய்த குடிகளின் உழைப்பே இக்கட்டடங்களை நூற்றாண்டுகளாக நிலைநிறுத்தியது. கலைவரலாறு எழுதுவோர் இவ்வுழைப்பையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து இம்மூன்று இடங்களும் அரைநாட் பயணத் தொலைவிலேயே உள்ளன. தமிழ் பயிலும் மாணவர் இலங்காதிலகப் பாறையின் தமிழ்ச் சாசனத்தை நேரிற் சென்று வாசித்தல் வேண்டும். அருகிலுள்ள சிங்களச் சாசனத்தைச் சிங்கள மாணவரோடு அமர்ந்து ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ஒரு சாசனத்தை மட்டும் வாசிப்போர்க்கு அப்பாறை கூறுவதில் பாதியே விளங்கும்.