பஸ்ஸில் எழுதியிருந்த பெயர்

 

தென்காசியில் திருநெல்வேலி பஸ் ஏறும்போது அதன் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் பார்ப்பதுண்டா? அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயர்தான் இருக்கும். 1997 வரை அவ்விடத்தில் 'கட்டபொம்மன்' என்றிருந்தது. நம் மாவட்டமே அன்று நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். அப்பெயர்கள் ஏன் மறைந்தன என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

1995 சூலையில், சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ள வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் தகராறு மூண்டது. அத்துடன் முடிந்திருக்க வேண்டிய சங்கதி. ஆனால் டிரைவர் ஒரு சாதி. மாணவர்கள் வேறு சாதி. சுவரொட்டிகள் முளைத்தன, வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீசார் நடத்திய தேடுதல் வேட்டையில் தேவேந்திரகுல மக்களின் வீடுகளும் உடைமைகளும் நாசமாயின.

1997இல், விருதுநகர்ப் பகுதிக்கென அமைந்த புதிய போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியது. அப்பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்பினர். மீண்டும் கல்வீச்சு, மறியல், கொலை. சுந்தரலிங்கம் யார்? வெள்ளையருக்கு எதிராகக் கட்டபொம்மனின் படையில் நின்ற தளபதி. கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடலாமாம். அவருக்காகப் போரிட்டவர் பெயரில் ஓடக்கூடாதாம்! இது எந்த ஊர் நியாயம்?

அந்த ஒரு பெயரைக் காக்க இயலாத அரசு, அவ்வாண்டு சூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கிவிட்டது. இதைச் சாதுரியம் என்று மெச்சியவர்கள் உண்டு. எனக்கு அது தோல்வியாகவே பட்டது.

அப்போது நான் பட்டப்படிப்பு மாணவன். ஒருநாள் மாலை நெல்லையிலிருந்து ஊர் திரும்புகையில், ஆலங்குளம் தாண்டியதும் பஸ்ஸை மறித்தார்கள். ஏழெட்டுப் பேர் ஏறி, வாலிபர்களை மட்டும் "எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஊரைக் கேட்பது சாதியை அறிவதற்குத்தான். என் தலைத் தொப்பியைக் கண்டதும், "பாய் வீட்டுப் பிள்ளையா? நீ இரு" என்றார்கள். பின் இருக்கையிலிருந்த ஒரு மாணவனைக் கீழே இறக்கினார்கள். பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பியது.

அல்ஹம்துலில்லாஹ், தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பீடிக்கட்டுப் பையை மடியில் வைத்திருந்த ஒரு தாய், "உன்ன ஒண்ணும் செய்யலயே தம்பி, நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். ஊரில் சொன்னபோது பெரியவர்கள், "அது அவங்க சண்டை, நமக்கென்ன?" என்றார்கள். எனக்கும் அது அன்று வசதியாகவே இருந்தது.

ஸஹீஹ் புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு படைப்பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட்டார். உடனே ஒருவர் அன்ஸார்களையும், மற்றவர் முஹாஜிர்களையும் துணைக்குக் கூவி அழைத்தனர். முஹாஜிர், அன்ஸார் இரண்டுமே இறைமறை போற்றிய திருப்பெயர்கள்! ஆயினும் ஆள் திரட்டும் கூச்சலாக அவை மாறியதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஜாஹிலிய்யாவின் அழைப்பு என்று கண்டித்து, அந்த அருவருப்பை விட்டொழிக்குமாறு பணித்தார்கள். பெயரைத் துறக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முஹாஜிர்கள் முஹாஜிர்களாகவும் அன்ஸார்கள் அன்ஸார்களாகவுமே இருந்தார்கள்.

பஸ்ஸிலிருந்து அழித்த பெயர், இப்போது பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் வண்ணக் கயிறாக வந்து நிற்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 சூனில் அளித்த அறிக்கையில் இக்கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் வடகரையில், மஃரிபுக்குப் பின் ஓத வந்த சிறுவன் ஒருவன், "அசரத்து, நாம என்ன கலர் கயிறு கட்டணும்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் குறும்பு இல்லை. வகுப்பில் எல்லோரும் கட்டியிருக்கிறார்களாம். அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பின் இருக்கை மாணவனைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நான் வாய் திறக்காமல் இருந்ததையும் மறைக்கவில்லை. அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று ஒரு சிறுமி கேட்டாள். தெரியாது என்றேன்.