மீன்கழிவும் நீல இலையானும்

பெரியநீலாவணை போன்ற கரையோர ஊர்களில் மரக்கறித் தோட்டத்திற்கு மீன்கழிவைப் பசளையாக இடுவோர் நீல இலையானின் இயல்பை அறிதல் நன்று. கிறிசோமையா மெகாசெபலா என்பது இதன் விஞ்ஞானப் பெயர். உடல் நீலப்பச்சையாக மினுங்கும். கண்கள் பெரியவை, செந்நிறமானவை. ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் உரிய இவ்வினம் 1970களில் ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் பரவியது.

பெண் இலையான் ஈரமீனிலும் மலத்திலும் ஒரே முறையில் 200க்கு மேற்பட்ட முட்டைகளை இடும். மலத்திலுள்ள நோய்க்கிருமிகளை உணவுக்குக் காவும். ஒரு நாளளவில் முட்டையிலிருந்து புழு வெளிவரும். வளர்ந்த புழு மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகும். வெப்பகாலத்தில் ஏறக்குறைய 10 நாட்களில் புதிய இலையான் தோன்றும்.

ஆகவே மீன்கழிவை மண்ணின்மேற் பரப்பலாகாது. அன்றன்றே 2 அடி ஆழத்திற் புதைத்து மண்ணை இறுக மிதித்தல் வேண்டும். கருவாட்டு மீனுக்குப் போதிய உப்பிட்டுப் பரணில் உலர்த்துக. பயிருக்குரிய பூச்சிநாசினியைக் கருவாட்டில் ஒருபோதும் தெளிக்கலாகாது. அது உண்போர் உயிருக்கே கேடாகும்.